ஊருணியில் ஒருத்தன்

மதுரை ஒத்தக்கடையில் சர்வேயர் அழகுபாண்டியின் ஆபீசுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு லேஅவுட். லேமினேட் செய்து, நான்கு மூலைக்கும் திருகு போட்டு, பக்கத்தில் இருக்கும் அழகர் படத்துக்குச் சமமான உயரத்தில் மாட்டியிருக்கிறான். மனை அளக்கச் சொல்லி வருகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நாற்காலிக்கு வருவார்கள். ஒரு பக்கம் நீளமான பாதை, நடுவில் இரட்டைக் கதவு, இன்னொரு பக்கம் சுரங்கம் மாதிரி ஒன்று, இரண்டு மூலைகளில் திறந்தவெளி. “இது எந்த ஏரியா சார், அப்ரூவல் ஆயிருச்சா?” என்று கேட்காதவர்கள் குறைவு. கிழக்குப் பார்த்த மனை மிச்சம் இருக்கிறதா என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார்.

“இது விக்கிறதுக்கில்லண்ணே” என்பான் அழகுபாண்டி. அதற்கு மேல் விளக்கம் எதுவும் வராது.

விற்க முடியாதுதான். அப்படி ஓர் இடம் பூமியிலேயே இல்லை. அது கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஒரு மேப். டஸ்ட் டூ என்று பேர். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். ஓர் அணி இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் குண்டு வைக்க வேண்டும், இன்னோர் அணி தடுக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். எந்த நாட்டை நினைத்து எவன் வரைந்தானோ தெரியாது, மஞ்சள் சுவரும் புழுதித் தரையும் மேகமே இல்லாத வானமுமாக, மேலூருக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் வளர்ந்த அழகுபாண்டிக்கு அது சித்திரை மாதத்துச் சொந்த ஊர் மாதிரியே இருந்தது.

ஊர் மாதிரி இருக்கிறது என்பதற்காக யாரும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட மாட்டார்கள். காரணத்தை அவன் மனைவி மீனாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். “அதுக்குள்ள நொழஞ்சா எனக்கு வாய் வந்துரும் மீனா. ஒரு எடத்துலகூட நின்னதில்ல.”

அழகுபாண்டிக்குத் திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை. க, ட, த, ப இந்த நான்கும் அவனுக்கு ஆகாது. சொல்லின் முதலில் இவற்றில் ஒன்று வந்தால் தொண்டையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும். அ, இ, உ, ம, ந, வ எல்லாம் தாராளமாக வரும். அதனால் அவன் சின்ன வயதிலேயே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டான். வர மாட்டேன் என்கிற சொல்லை விட்டுவிட்டு வருகிற சொல்லைப் பிடித்துக்கொள்வது. பூரி சாப்பிட ஆசையாக இருக்கும், இட்லி என்று கேட்பான். தண்ணீர் என்று சொல்லாமல் டம்ளரைக் காட்டுவான். இதைக் கண்டுபிடிக்காதவர்கள் அவனை அளந்து பேசுகிறவன், கொஞ்சம் தலைக்கனம் என்பார்கள். தலைக்கனமாவது ஒன்றாவது! ஒரு டீ கேட்பதற்கு மனதுக்குள் நான்கு வாக்கியம் எழுதி மூன்றைக் கிழித்துப் போடுகிறவனுக்குத் தலைக்கனத்துக்கு நேரம் ஏது? நிதானமாகக் காது கொடுக்கிறவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் இந்த வித்தையே அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது.

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது முதலில் வந்தது பாண்டீஸ்வரி என்ற பெண்ணின் ஜாதகம். இரண்டாவதாக வந்தது மீனா. முதல் ஜாதகத்தை ஏன் வேண்டாம் என்றான் என்று வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. மீனாவுக்கு மட்டும் தெரியும். “பேருக்காக என்னயக் கட்டிக்கிட்டாரு” என்று அவள் நேரம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள். அவனும் மறுத்ததில்லை.

பேர்கள்தான் அவனுக்குப் பெரிய பகை. பூரிக்கு இட்லி என்று மாற்றலாம், ஒருவன் பேரை எப்படி மாற்றுவது? அதனால் சின்னவன் பெரியவன் பார்க்காமல் எல்லாருக்கும் அண்ணே, மாப்ள. மதுரையில் பிறந்ததில் அவனுக்கு அது ஒரு சௌகரியம்.

இருபது வருடத்துக்கு முந்தைய கதை இது. அழகுபாண்டி அப்போது கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் முதல் வருடம். ஒத்தக்கடையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் போகிற வழியில் ஓர் அத்தர் கடைக்கு மேல்மாடியில், சிக்கந்தர் பாய் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பத்து கம்ப்யூட்டர், ஒரு வரிசைக்கு ஐந்து, நடுவில் பிளைவுட் தடுப்பு. காலையில் தேர்வு முடிவு பார்க்கவும் வேலைக்கு மனுப்போடவும் கூட்டம் வரும். மதியத்துக்கு மேல் அந்த மாடி முழுக்க டஸ்ட் டூதான். சிக்கந்தரை மதுரையே பாய் என்று கூப்பிட்டது. அழகுபாண்டிக்கு ‘ப’ வராதே, அவன் மட்டும் அண்ணே என்றான். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

விளையாட்டில் அவன் சுடுவது சுமார்தான். ஆனால் கண் வேறு மாதிரி. எந்த மூலையில் நின்றால் எதுவரை தெரியும், எந்தச் சுவர் யாரை மறைக்கும், இந்நேரம் எதிரி எங்கே வந்திருப்பான் என்பதெல்லாம் இரண்டே நாளில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பிற்காலத்தில் சர்வேயர் ஆகப் போகிறவனின் கண் அது. தொல்லை எங்கே வந்தது என்றால், பார்த்ததைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் பார்க்கிறவன் கத்த வேண்டும், மற்ற நான்கு பேரும் அதைக் கேட்டுத் திரும்ப வேண்டும். மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் இங்கிலீஷ் பேர் உண்டு. சுரங்கத்துக்கு டன்னல், பள்ளத்துக்குப் பிட், சுவரோரம் போகும் குறுகலான மேட்டுப் பாதைக்குக் கேட்வாக், கதவுக்கு டோர், குண்டு வைக்கும் ஓர் இடத்துக்கு பி. இவனுக்கு ஆகாத எழுத்தாகப் பொறுக்கி எடுத்து வைத்த மாதிரி!

ஒரு சனிக்கிழமை மதியம். இவன் அணிக்குத் தலைவன் காசிமாயன். பேரையூர்க்காரன், அதே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், தொண்டையைத் திறந்தால் வைகை ஆற்று ஏவி பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். கடைசி ஆட்டம், சமநிலை. சுரங்கத்துக்குள் குண்டோடு இரண்டு பேர் வருவதை அழகுபாண்டி பார்த்துவிட்டான். வேறு யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தான். “ட்... ட்... ட்...” மற்ற நான்கு பேரும் வேறு திசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அந்தச் சொல்லை முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

“வாயில என்ன கொழுக்கட்டையாடா வச்சிருக்க? பாத்தவன் சொல்லித் தொலைய வேண்டியதுதான!” என்று கத்தினான் காசிமாயன்.

மாடியே சிரித்தது. அழகுபாண்டி எழுந்து படியிறங்கி, கண்ணில் பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். அறைக்கு வந்த பிறகுதான் பார்த்தான், ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் யாருடையதோ. எடுக்கப் போகவில்லை. இனி அந்த மாடி ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

எட்டு நாள் கழித்து பாலிடெக்னிக் வாசலில் காசிமாயன் நின்றுகொண்டிருந்தான். “மாப்ள, உன் ஒத்தச் செருப்பு அங்கயே கெடக்கு. பாயி தூக்கிப் போடப் போறாராம். சாயங்காலம் வந்து எடுத்துக்க.”

கையோடு கொண்டுவந்திருக்கலாமே என்று அழகுபாண்டிக்குத் தோன்றியது. கேட்க வந்த வாக்கியம் ‘க’வில் ஆரம்பித்ததால் கேட்கவில்லை.

சாயங்காலம் மேலே போனால், பத்து கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. கையால் வரைந்த டஸ்ட் டூ. இடங்களுக்கெல்லாம் புதுப் பேர். “எனக்கு இந்த இங்கிலீஷு நாக்குல பொரள மாட்டேங்குதுப்பா” என்று காசிமாயன் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான். “இனிமே நம்ம கடையில இதேன் பேரு. பழைய பேரச் சொல்றவன் எந்திரிச்சு அடுத்தவனுக்குச் சீட்டக் குடுத்துரணும்.”

லாங் என்ற நீளமான பாதைக்கு மேலூர் என்று பேர் வைத்திருந்தான். மேலூர் ரோடு மாதிரி நேராகப் போகிறதாம். பள்ளத்துக்கு ஊருணி. மேட்டுப் பாதைக்கு வரப்பு. சுரங்கத்துக்கு, கோரிப்பாளையத்துக்கு அடுத்த பஸ் நிறுத்தமான யானைக்கல். கதவுக்கு வாசல். குண்டு வைக்கிற இரண்டு இடங்களில் உயரமாக இருப்பது மேடு, மற்றது மந்தை. குண்டுக்கு வெடி.

எல்லாரும் காசிமாயனைக் கேலி செய்தார்கள். டன்னல் என்று சொல்லத் தெரியாத மெக்கானிக்கல் என்ஜினியர் என்றார்கள். அழகுபாண்டியும் சிரித்தான், கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான். நாக்கில் கோளாறு உள்ளவன் தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி. பிறகு உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் பள்ளத்துக்குள் ஒரு தலை அசைந்தது.

“ஊருணில ஒருத்தன்!”

அப்படியே வந்து விழுந்தது சொல். அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. நான்கு பேரும் திரும்பினார்கள், ஊருணிக்காரன் காலி. “யானைக்கல்லு, ரெண்டு ஆளு!” “வரப்புல வர்றான், வரப்புல வர்றான்!” “மந்தையில வெடி!” அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் கீழே இருந்து அத்தர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று வருடம் அந்த மாடியில் அவன் ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அங்கே வந்த தைரியத்தை மெல்ல வெளியிலும் கொண்டுபோனான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பதில் சொன்னான். திக்கினால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி சொல்லப் பழகினான். சர்வே வேலைக்கு நேர்காணல் போனபோது, உள்ளே நுழைவதற்கு முன் கண்ணை மூடி மேலூர், ஊருணி, வரப்பு என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டுதான் போனான். வேலை கிடைத்தது. பின்னால் சொந்தமாக ஆபீஸ் போட்டான். இன்றைக்கு மேலூர் ரோட்டில் அவன் அளந்து கல் நட்ட மனைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் அந்த மேப் போட்ட பிச்சை என்பது அவன் நம்பிக்கை. அதனால்தான் அழகருக்குப் பக்கத்தில் மாட்டினான்.

நன்றியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்த முகவரிதான் தப்பு. அது போன மாதம்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கலைவிழா. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு ஒரு போட்டி, முப்பது வயது தாண்டியவர்களுக்குத் தனியாக. நோட்டீசில் டஸ்ட் டூ என்று பார்த்ததும் அழகுபாண்டி பேர் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பியவனை, பெண் பார்க்கவா போகிறீர்கள் என்று கேட்டாள் மீனா. அங்கே முன்பின் தெரியாத நான்கு பேரோடு சேர்த்துவிட்டார்கள். எல்லாரும் நல்ல மாதிரி. ஹெட்போனை மாட்டினான். மஞ்சள் சுவர், அதே வானம். பதினேழு வருடம் கழித்து வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

“ஊருணில ஒருத்தன்!” என்று கத்தினான்.

“எங்க சார்?” என்றது ஹெட்போன்.

“ஊருணி! ஊருணி!”

“சார், பிட்டா, லாங்கா, எங்கன்னு சொல்லுங்க சார்!”

அவனுக்கு அந்தச் சொல் தெரியும். சொல்ல வாயைத் திறந்தான். “ப்... ப்...” கதவு சாத்திக்கொண்டது. டஸ்ட் டூவுக்குள், அவன் வாய் வருகிற ஒரே இடத்தில், இருபது வருடத்தில் முதல் முறையாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. தோற்றார்கள். அந்த நான்கு பேரும் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மீனா பயந்துபோனாள். தோற்றதற்கா இப்படி என்று கேட்டாள். “அதில்ல மீனா. அதுக்குள்ளயும் நின்னுருச்சு” என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதன் இருபது வருடமாகக் கும்பிட்ட சாமி கைவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தான். மீனா என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒரு தாளை எடுத்து மேப்பை வரைந்து, அவர்கள் சொன்ன பேர்களை ஒரு பக்கமும் தங்கள் கடைப் பேர்களை ஒரு பக்கமும் எழுதிக் காட்டினான்.

மீனா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேஸ் புக் பண்ணுவது முதல் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குவது வரை, எந்தச் சொல்லை அவன் சொல்வான், எதைத் தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவள் அவள்.

“என்னங்க, இந்தப் பேரெல்லாம் யாரு வச்சது?”

“அவந்தான், எங்க லீடர். அவனுக்கு இங்கிலீஷ் வராது.”

“மேலூரு, ஊருணி, வரப்பு, யானைக்கல்லு, வாசலு, மேடு, மந்தை, வெடி...” ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். “இதுல ஒண்ணுகூட உங்களுக்கு நிக்கிற எழுத்துல இல்லையேங்க. அம்புட்டும் உங்க வாய்க்கு அளவெடுத்துத் தச்ச மாதிரில இருக்கு!”

அழகுபாண்டி தாளைப் பார்த்தான். ஆயிரம் மனை அளந்தவனுக்குத் தன் சுவரில் மாட்டியிருந்தது தெரியாமல் போயிருக்கிறது.

மறுநாள் காலையிலேயே கோரிப்பாளையம் போனான். அதே மாடி. சிக்கந்தர் இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போடுகிறார், தாடி வெளுத்துவிட்டது. அண்ணே என்ற குரலைக் கேட்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அவன் தாளை நீட்டிக் கேட்டான்.

அவர் சிரித்துவிட்டார். “இப்பத்தான் தெரியுமா தம்பி? எட்டு நாளு நீ வரல. அம்புட்டு நாளும் அந்தப் பய இங்கதான் பேப்பரும் பென்சிலுமா உக்காந்திருந்தான். திட்டிப்புட்டேன் பாய், தப்புப் பண்ணிட்டேன்னு பொலம்புனான். உன் கிளாஸ் பசங்ககிட்ட விசாரிச்சிருக்கான். கேன்டீன்ல உனக்குப் பின்னாடியே நின்னுருக்கான். பூரியப் பாத்துக்கிட்டே இட்லி கேக்குறான் பாய்ன்னான். பஸ்ஸுல உன்கூடவே வந்திருக்கான். கோரிப்பாளையத்துல எறங்குறவன் எதுக்கு யானைக்கல்லுக்கு டிக்கெட் எடுக்குறான்னு என்கிட்ட வந்து கேட்டான். ரெண்டு நாளு யோசிச்சு, உனக்கு எந்தெந்த எழுத்து நிக்குதுன்னு அவனே கண்டுபுடிச்சுட்டான்.”

அழகுபாண்டி தாளைத் திருப்பி வாங்கி, அந்தப் பேர்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“லாங்குன்னா வருமே அண்ணே எனக்கு. அத ஏன் மேலூருன்னு மாத்துனான்?” என்று கடைசியில் கேட்டான்.

“நானும் அதைத்தான் கேட்டேன். நாலஞ்சு மட்டும் மாத்துனா அவனுக்காகன்னு தெரிஞ்சுபோயிரும் பாய், அம்புட்டையும் மாத்திருவோம்னான். ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தது நாந்தான். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு தர்காவப் பாத்துக் கையடிச்சு வாங்கிக்கிட்டான். இருவது வருசம் காப்பாத்திட்டேன், நீயே கண்டுபுடிச்சுட்டு வந்து கேக்குறப்ப நான் எப்படிப் பொய் சொல்ல? அவனுக்கா இங்கிலீஷ் வராது? டிப்ளமோல கிளாஸ் ஃபர்ஸ்ட் தம்பி அவன்.”

டன்னல் சொல்லத் தெரியாத என்ஜினியர் என்று மூன்று வருடம் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம் அழகுபாண்டிக்கு இப்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. தனக்காக ஒருவன் ஓர் ஊருக்கே பேர் மாற்றியிருக்கிறான்.

காசிமாயனின் போன் நம்பர் சிக்கந்தரிடமும் இல்லை. படிப்பு முடிந்ததும் திருப்பூர் போனான், பிறகு பேரையூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லேத்துப் பட்டறை போட்டிருக்கிறான் என்று கேள்வி, அவ்வளவுதான் என்றார். படியிறங்கும்போது அழகுபாண்டிக்கு ஒன்று உறைத்தது. மாப்ள, மாப்ள என்றே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டான். அவன் பேரை ஒரு தடவைகூடத் தன் வாயால் சொன்னதில்லை. நேற்று மீனாவிடம்கூட “எங்க லீடர்” என்றுதான் சொன்னான்.

அந்தப் பேரைச் சொல்லி, நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் அந்தச் சுவரை இனி நிமிர்ந்து பார்க்க முடியாது என்று தோன்றியது.

புதன்கிழமை காலை பைக்கில் கிளம்பினான். திருமங்கலம் தாண்டி, டி.கல்லுப்பட்டி தாண்டி, கரிசல் காடும் சோளத் தட்டையுமாக ரோடு ஓடியது. வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். தனியாக இருக்கும்போது அது நன்றாகவே வந்தது. அது அப்படித்தான், ஆள் இல்லாத இடத்தில் எந்தச் சொல்லும் அவனுக்கு நிற்காது.

பேரையூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லேத்துப் பட்டறை இருந்தது. பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை, வாசலில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பெஞ்சில் இன்னும் சிலர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அழகுபாண்டியிடம் வாக்கியம் தயாராகவே இருந்தது. ‘இந்த லேத்துக்காரர் எங்கண்ணே?’ தங்குதடை இல்லாமல் வரும் வாக்கியம், சின்ன வயதிலிருந்து பழகிய வித்தை. போனில் பேரை எழுதிக் காட்டினாலும் காரியம் முடிந்துவிடும்.

அப்படிக் கேட்டுவிட்டு அவனைப் போய்ப் பார்ப்பதற்கு வராமலே இருக்கலாம் என்று நினைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“அண்ணே, கா...” நின்றது. “கா... கா...”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் உதவிக்கு வந்தார். “காளையா? காளை வீடு அந்தப் பக்கம்.”

இல்லை என்று தலையசைத்தான். “கா... கா...”

“காப்பியா? காப்பி இல்லப்பா, டீதேன்” என்றார் வாசலில் நின்ற ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் கண்ணாடி ஜாடியில் இருந்த பன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பைக் பின்னால்தான் நிற்கிறது. முன்பு ஒரு நாள் இதே சிரிப்புக்குத்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

“பொறுங்கப்பா” என்று உள்ளேயிருந்து யாரோ பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். “எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும். அவரு வாயாலேயே சொல்லட்டும்.”

டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தினார். அழகுபாண்டி மூச்சை விட்டான். மறுபடி ஆரம்பித்தான். “கா... கா... கா...” ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. யாரும் குறுக்கே புகவில்லை. “கா... காசிமாயன்” என்றான். வந்துவிட்டது. வந்த வேகத்தில் இன்னொரு தடவையும் சொன்னான். “காசிமாயன் வீடு எங்க இருக்குண்ணே?”

உள்ளே பேப்பர் மடங்கியது. வழுக்கையும் தொப்பையுமாக, கைலியில் ஒருவன் எழுந்து நின்றான். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

“நாந்தேன் மாப்ள” என்றான் காசிமாயன்.

அழகுபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “உள்ளயே இருந்துக்கிட்டாடா சும்மா இருந்த?”

“மூணு வருசம் உன்கூட இருந்தேன். ஒருநாள்கூட எம்பேரு உன் வாயில வந்ததில்ல. இன்னைக்கு வருது, நடுவுல புகுந்து கெடுப்பனா?”

பெஞ்சில் உட்கார வைத்தான். கேட்காமலே மாஸ்டரிடம் ஒரு செட் பூரி சொன்னான். அழகுபாண்டி சட்டைப் பையிலிருந்து மீனா படித்த அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தான். காசிமாயன் அதைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கூச்சத்தில் தலையைச் சொறிந்தான்.

“பாயி சொல்லிட்டாரா? கையடிச்சுக் குடுத்தவரு!”

“என் மேல எரக்கப்பட்டா செஞ்ச?”

“எரக்கமா?” காசிமாயனுக்குக் கோபமே வந்துவிட்டது. “நமக்கு ஜெயிக்கணும்டா! மேப்ப நீ பாக்குற கண்ணு கடையில ஒரு பயலுக்குக் கெடையாது. நீ சொல்லாட்டி நாங்க நாலு பேரும் குருடனுங்க. நீ பாக்குறது எங்களுக்கு வேணும்ல? பேரு மாறுனா என்ன கொறஞ்சா போயிரும்?”

பூரி வந்தது. அழகுபாண்டி கிழங்கைத் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டான். அவன் இத்தனை நாளும் தனக்கு நடந்ததை ஒரு வரம் என்று நினைத்திருந்தான், நேற்று முன்தினத்திலிருந்து ஓர் உபகாரம் என்று நினைத்தான். இரண்டுமில்லை. அந்த மாடியில் அவன் தேவைப்பட்டிருக்கிறான். அதைவிடப் பெரிதாக ஒருவனுக்கு என்ன கொடுத்துவிட முடியும்?

சொல்ல வேண்டிய இன்னொரு சொல் மிச்சம் இருந்தது. அது ‘ந’வில் ஆரம்பிக்கும் சொல். ‘ந’ அவனுக்கு ஒருநாளும் நின்றதில்லை. நினைத்திருந்தால் இருபது வருடத்துக்கு முன்பே, ஒத்தச் செருப்பை வாங்கிக்கொண்ட அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனதற்கு அவன் நாக்கைக் குற்றம் சொல்ல முடியாது.

“நன்றிடா, காசி... காசிமாயா” என்றான். பேரில் கொஞ்சம் நின்றுதான் வந்தது. காசிமாயன் அதுவரைக்கும் காத்திருந்தான்.

“சரி, சாப்புடு. பூரி ஆறிரும்” என்றான்.